காட்டுத்தீ அடங்கின பிறகு தீயணைப்புத் துறை தன்னைத்தானே எப்படி ஆய்வு செய்யுது? (விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ்)

வேலிக்கருவை:
ஆஸ்திரேலியாவுல ஒவ்வொரு பெரிய காட்டுத்தீக்கு அப்புறமும் "ரிவ்யூ நடக்கும்"னு அறிவிப்பு வருது. 2009 பிப்ரவரி 7 அன்னிக்கு ("கறுப்புச் சனி"ன்னு சொல்றாங்க) விக்டோரியாவுல 173 பேர் செத்தாங்க, ராயல் கமிஷன்னு அரசு போடுற உயர்மட்ட விசாரணை வந்துச்சு. 2019-20 கோடையில நியூ சவுத் வேல்ஸ்ல 26 உயிர், 2,448 வீடு போச்சு, அதுக்கும் ஒரு விசாரணை. இதெல்லாம் அரசாங்கம் வெளியில இருந்து போடுறது. நான் கேட்கிறது அதுக்கு முந்தின கட்டம். துறைக்குள்ளேயே யார் யாரைக் கேள்வி கேட்குறாங்க, எதை ஆதாரமா வச்சு, என்ன எழுதி வைக்கிறாங்க? "கூட்டம் போட்டுப் பேசுவாங்க" மாதிரி பதில் வேண்டாம், விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க.

கரும்புகை:
நாலு அடுக்கு இருக்கு. அடியில இருந்து வர்றேன்.

முதல் அடுக்கு, ஷிஃப்ட் முடியுற இடத்துலயே வண்டிப் பக்கத்துல நின்னபடி நடக்குறது. "ஹாட் டீப்ரீஃப்"னு சொல்லுவாங்க. பத்துப் பதினைஞ்சு நிமிஷம், நாலே கேள்வி. என்ன செய்யணும்னு போனோம், நிஜத்துல என்ன நடந்துச்சு, வித்தியாசம் ஏன் வந்துச்சு, அடுத்த ஷிஃப்ட்டுக்கு என்ன சொல்லணும். நாலாவதுதான் அவசரம். எந்தப் பாலம் டேங்கர் எடையைத் தாங்காது, எந்தத் தடத்துல வண்டி திருப்ப இடம் இல்ல, எந்த மேட்டுக்குப் பின்னால ரேடியோ எடுக்கல, இதெல்லாம் ஆறு மாசம் கழிச்சு அறிக்கையில வந்து ஒரு பிரயோஜனமும் இல்ல. விடியறதுக்குள்ள அடுத்த குழு கைக்குப் போகணும்.

ரெண்டாவது, அந்த ஒரு தீயை மட்டும் எடுத்து நடத்துற ஆய்வு. சில வாரத்துக்குள்ள வைக்கணும். அந்தத் தீயை அணைக்குற வேலை முழுசையும் நடத்தின பொறுப்பாளர் (இன்சிடென்ட் கன்ட்ரோலர்) இதுக்குத் தலைமை தாங்கக் கூடாது, வேற மாவட்டத்து ஆள் வந்து நடத்தணும். மூணாவது, மாநில அளவுல எல்லாத் தீயிலயும் திரும்பத் திரும்ப வந்த கோளாறைப் பிரிச்செடுக்கிறது. நாலாவதுதான் நீங்க சொன்ன வெளி விசாரணை: கொரோனர் (மரணங்களை விசாரிக்கிற அதிகாரி), கமிஷன், விக்டோரியாவுல 2014ல இருந்து இருக்கிற அவசரகால மேலாண்மை இன்ஸ்பெக்டர் ஜெனரல்.

ரெண்டாவது அடுக்குலதான் அதிகம் சொதப்பும். காரணம் ரொம்பச் சாதாரணம். பெரிய அதிகாரி முதல்ல பேசிடுவார், அதுக்கப்புறம் மத்தவங்க அவர் சொன்னதையே வேற வார்த்தையில சொல்லுவாங்க. அதனால பதவியில கடைசி ஆள்தான் முதல்ல பேசணும்னு விவரமான நடத்துநர் வரிசையை மாத்திடுவார். இன்னொண்ணு, கூப்பிட மறந்துபோற ஆட்கள். வாடகைக்கு வந்த டோசர் ஓட்டுநர், வானத்துல இருந்து விமானங்களை வழிநடத்தினவர், சாலையை மறிச்சு நின்ன போலீஸ், தன் யூட் வண்டியில (பின்னால திறந்த சின்ன லோடு வண்டி) தண்ணித் தொட்டி கட்டிக்கிட்டு வந்த விவசாயி. தீ தாண்டாம இருக்கச் செடி கொடியை வழிச்சு எடுக்குற தீத்தடுப்புக் கோட்டை எங்க வெட்டினோம்னு வரைபடத்துல ஒரு கோடு இருக்கும். உண்மையில எங்க வெட்டுச்சுன்னு டோசர் ஓட்டுநருக்குத்தான் தெரியும். வேற மாநிலத்துல இருந்து வந்த குழுவும் அப்படித்தான், சில நாள் வேலை பார்த்துட்டு விமானம் ஏறிடுவாங்க. அவங்க கிளம்புறதுக்கு முன்னாடி பிடிக்கலைன்னா அந்தப் பகுதி ஆய்வுல வெறும் ஓட்டைதான்.

மனநல உதவிக்கான கூட்டத்தை இதோட கலக்கக் கூடாது. ரெண்டும் ஒரே அறையில நடந்தா ரெண்டுமே கெடும்.

கணக்கப்பிள்ளை:
கரும்புகை சொன்னது கூட்டத்தைப் பத்தி. கூட்டத்துக்கு முன்னாடி கால வரிசை தயாரா இருக்கணும். அது இல்லாம உட்கார்ந்தா ஆளுக்கொரு தீயைப் பத்திப் பேசிட்டு எழுந்து போவாங்க.

தீ கட்டுக்குள்ள வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, எதையும் அழிக்காதேன்னு உத்தரவு. ரேடியோ பதிவுகள் குறிப்பிட்ட காலத்துக்கு அப்புறம் தானா மேலெழுதப்படும், அதை நிறுத்தணும். கட்டுப்பாட்டு அறை வெள்ளைப் பலகையை யாரோ நல்ல மனசோட துடைச்சு வச்சிடுவாங்க, அதுக்கு முன்னாடி படம் எடுக்கணும். சுவத்துல ஒட்டின தாள், வரைபடத்து மேல போட்ட பிளாஸ்டிக் ஷீட், குழுத் தலைவர் பாக்கெட் நோட்டு, எல்லாம் உறையில போய் மேல தேதி, இடம், யாருடையதுங்கிற விவரம் வரணும்.

அடுத்தது நேரத்தை ஒண்ணாக்குறது. இங்கதான் புது ஆட்கள் மாட்டிக்குவாங்க. ரேடியோ பதிவு உள்ளூர் நேரம். வானத்துல இருந்து எடுத்த அகச்சிவப்புப் படமும் வானிலைத் தரவும் பல சமயம் உலகப் பொது நேரத்துல வரும். விக்டோரியாவும் நியூ சவுத் வேல்ஸும் கோடையில கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளும், அதாவது உலகப் பொது நேரத்தோட 11 மணி நேர வித்தியாசம். குயின்ஸ்லாந்து தள்ளாது, அங்க 10. எல்லையோரத் தீயில ரெண்டு மாநிலக் குழுவும் "மூணு மணி"ன்னு எழுதி வச்சிருப்பாங்க, ரெண்டும் வேற வேற மூணு மணி. இதுக்கு எல்லாருமே பார்த்த ஒரு நிகழ்வை நங்கூரமா எடுத்துக்கணும். காத்து திசை மாறின நிமிஷம் நல்ல நங்கூரம். தானியங்கி வானிலை நிலையத்துல பதிவாகியிருக்கும், ரேடியோவுல யாராவது கத்தியிருப்பாங்க, புகைப்படத்துல புகை சாயுற பக்கம் மாறியிருக்கும். அந்த ஒரு புள்ளியை வச்சு மத்த கடிகாரங்களோட பிழையைக் கணக்குப் போட்டுடலாம்.

இடத்துக்கும் இதே தலைவலி. தரைக்குழு வரைபடத்துல இருக்கிற கட்டத்தோட எண்ணுல சொல்லும். விமானம் பாகையும் தசம நிமிஷமும் சொல்லும். 37 பாகை 25.5 நிமிஷம்னு விமானி சொன்னதை 25 நிமிஷம் 5 விநாடின்னு எழுதிட்டா வடக்கு தெற்கா முக்கால் கிலோமீட்டர் தள்ளிப்போயிடும். மலைப்பகுதியில அது அடுத்த பள்ளத்தாக்கு.

அட்டவணையில நான் வைக்கச் சொல்ற பத்திகள்: நடந்த நேரம், பதிவான நேரம், ஆதாரம், தகவல், அது யாரிடம் இருந்துச்சு, யாருக்கு அனுப்பினாங்க, போய்ச் சேர்ந்த நேரம், அதை வச்சு எடுத்த முடிவு. நடந்த நேரத்தையும் பதிவான நேரத்தையும் ஒரே பத்தியில போட்டுக் குழப்புறவங்க நிறைய. 15:10க்கு உட்கார்ந்து நோட்டுல "14:30"னு எழுதுறது சகஜம். அந்த நாப்பது நிமிஷ இடைவெளியே ஒரு கண்டுபிடிப்பு, பதிவு செய்யுறதுக்குத் தனி ஆள் போடலன்னு அர்த்தம்.

யாராக்கரை:
கணக்கப்பிள்ளை அண்ணை சொன்ன அந்த "யாரிட்டை இருந்தது, எப்ப போய்ச் சேர்ந்தது" எண்ட பத்திதான் கறுப்புச் சனியின்ரை முழுக் கதையும். கில்மோர் ஈஸ்ட் தீயை எடுத்துப் பாருங்கோ. முற்பகல் 11:47 அளவிலை மின்கம்பி அறுந்து துவங்கினது. 173 பேரிலை 119 பேர் இந்த ஒரு தீயிலைதான் செத்தவை.

அண்டைக்கு முன்னறிவிப்பிலை பிழை இல்லை. மெல்பனிலை 46.4 பாகை வரை போனது, காத்து மாறும் எண்டும் வானிலை மையம் முன்கூட்டியே சொல்லியிருந்தது. மெல்பன் ஒருங்கிணைப்பு நிலையத்திலை கெவின் டோல்ஹர்ஸ்ட் தலைமையிலை ஒரு தீநடத்தைக் குழு இருந்தது. அவை இந்தத் தீ எங்க போகும் எண்டு வரைபடம் போட்டவை, அதிலை பிறகு எரிஞ்ச கிங்லேக் ஊர்ப் பக்கமும் இருந்தது. ஆனா அந்த வரைபடம் எச்சரிக்கையா மாறி அந்தச் சனத்துக்குப் போகேல்லை.

தீயை நடத்தின ஆக்கள் கில்மோரிலை. அங்க ஆள்பலம் காணாது. தீ போற பக்கத்திலை இருந்த கங்காரு கிரவுண்ட் நிலையத்திலை ஆக்களும் இருந்தவை, வசதியும் இருந்தது, எச்சரிக்கை வாசகமும் எழுதி வச்சிருந்தவை. விடேல்லை, ஏனெண்டா விடுற பொறுப்பு கில்மோருக்கு. ஒருத்தரும் சோம்பேறி இல்லை, ஒருத்தருக்கும் தீ தெரியாமலும் இல்லை. தகவல் ஒரு இடத்திலை, அதிகாரம் இன்னொரு இடத்திலை, சனம் மூண்டாவது இடத்திலை.

சாதாரண டீப்ரீஃபிலை இது வெளியிலை வராது. கில்மோர் ஆக்களைக் கேட்டா "எங்களுக்கு வரைபடம் வரேல்லை" எண்டு சொல்லுவினம். கங்காரு கிரவுண்டைக் கேட்டா "எங்கட தீ இல்லை" எண்டு சொல்லுவினம். ரெண்டும் உண்மை. ரெண்டையும் ஒரே அட்டவணையிலை பக்கத்திலை பக்கத்திலை வச்சாத்தான் ஓட்டை தெரியும். கமிஷன் 155 நாள் விசாரணை வச்சு 434 சாட்சியைக் கேட்டு, 2010 ஜூலை 31 அண்டைக்கு 67 பரிந்துரையோடை அறிக்கை குடுத்தது. மோசமான நாளிலை உயர்மட்டக் கட்டுப்பாட்டுக் குழு காலமையே முழு ஆளோடை தயாரா நிக்கோணும் எண்டது அதிலை முக்கியமான ஒண்டு. தீ வந்த பிறகு ஆள் சேர்க்கிற பழக்கத்தை அது முறிச்சது.

வேலிக்கருவை:
இது நல்லா புரியுது. ஆனா வீட்டுக்குள்ளேயே நிறைய பேர் செத்தாங்களே, அதுல துறையோட பங்கு என்ன?

யாராக்கரை:
113 பேர் வீட்டுக்குள்ளை செத்தவை. அப்ப இருந்த கொள்கை "தயாராகி நிண்டு வீட்டைக் காப்பாத்து, இல்லாட்டி வேளைக்கே வெளிக்கிடு". கமிஷன் அதை முழுசாத் தூக்கி எறியேல்லை. ஆனா அப்பிடியான நாளிலை நல்லாத் தயாரான வீடும் நிக்காது எண்டதைச் சனத்துக்குச் சொல்லேல்லை எண்டு பிடிச்சது. அதுக்குப் பிறகுதான் தீ ஆபத்து அறிவிப்பிலை ஆக மேல் படியா "கோட் ரெட்" வந்தது, இப்ப நாடு முழுக்க 2022 செப்டம்பரிலை இருந்து நாலே படி. 600க்கும் மேற்பட்ட வீட்டுக்காரரை ஆய்வாளர்கள் நேரிலை கண்டு கதைச்சுப் பதிஞ்சது இதுக்குப் பெரிய உதவி. அதுவும் முதல் சில மாதத்துக்குள்ளை செய்தது. பிந்தினா சனம் பேப்பரிலை வாசிச்சதையும் தாங்கள் கண்டதையும் கலந்து சொல்லத் துவங்கிடும்.

காத்துமாறி:
ஒரு விஷயத்துல எல்லாரும் தலையாட்டுறீங்க, நான் கொஞ்சம் இடிக்கிறேன். இந்த ஆய்வுகள் எல்லாமே தோத்த தீயை மட்டும்தான் பார்க்குது. அதுல அடிப்படைக் கோளாறு இருக்கு.

கோஸ்பர்ஸ் மவுண்டன் தீயை எடுங்க. 2019 அக்டோபர் 26ல வொல்லெமி தேசியப் பூங்காவுல மின்னல் விழுந்து ஆரம்பிச்சது, அஞ்சு லட்சம் ஹெக்டேருக்கு மேல எரிச்சது. டிசம்பர் 14ஆம் தேதி மவுண்ட் வில்சன் பக்கம் வச்ச எதிர்த் தீ (பெரிய தீ வர்றதுக்கு முன்னாடி அதோட பாதையில நாமளே எரிச்சு விடுறது) கைமீறிப் போய் வீடுகளை எரிச்சது. உடனே எல்லாரும் கேட்டது, "யார் அதை வைக்கச் சொன்னது?" ஆனா அதே தீயில வச்ச எத்தனையோ எதிர்த் தீ சரியா வேலை செஞ்சு ஊர்களைக் காப்பாத்தியிருக்கு. அதுல சிலது இதைவிட மோசமான சூழ்நிலையில வச்சு, அதிர்ஷ்டத்துல தப்பியிருக்கலாம். அதை யாரும் எடுத்துப் பார்க்கிறதில்ல, ஏன்னா வீடு எரியல.

எதிர்த் தீயை ஆய்வு செஞ்சா முடிவை மறைச்சு வச்சுட்டு ஆரம்பிக்கணும். தீ வைக்கிற நிமிஷத்துல கையில என்ன இருந்துச்சு? தரையில கிடக்கிற சருகோட ஈரம் எவ்வளவு, பகல்ல அளந்ததா முந்தின நாள் அளந்ததா? சாதகமான காத்து எத்தனை மணி நேரம் இருக்கும்னு நம்பினாங்க, தடுப்புக் கோட்டோரம் முழுசா எரிச்சு முடிக்க எத்தனை மணி நேரம் தேவை? கோட்டுக்கு வெளிப்பக்கம் எரியாத காட்டுல பறந்து விழுற தணலைத் தேடி அணைக்க எத்தனை வண்டி, தண்ணி எவ்வளவு தூரத்துல? "இந்த அளவைத் தாண்டினா நிறுத்து"ன்னு ஒரு எல்லை எழுதி வச்சாங்களா? வேற என்ன வழி இருந்துச்சு, அதை ஏன் தள்ளினாங்க? கடைசிக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் எழுத்துல இருக்காது. எடுத்த முடிவை எழுதுவாங்க, கைவிட்ட முடிவை எழுத மாட்டாங்க. அதனால பின்னால வர்ற ஆய்வாளர் கண்ணுக்கு வேற வழியே யோசிக்காத மாதிரி தெரியும்.

ஜெயிச்சதுல பத்துக்கு ஒண்ணையாவது சீட்டுக் குலுக்கி எடுத்து, தோத்தது மாதிரியே முழு ஆய்வு செய்யணும். விமானத்துறையில தப்பிச்ச சம்பவத்தையும் பதியுறாங்க இல்ல, அதே கணக்குதான்.

கரும்புகை:
ஒத்துக்கிறேன், ஒரு திருத்தத்தோட. சீட்டுக் குலுக்குற அளவுக்கு ஆள் இல்ல. நியூ சவுத் வேல்ஸ் ஊரக தீயணைப்புச் சேவையில 70,000 பேருக்கு மேல தன்னார்வலர்கள். திங்கட்கிழமை அவங்க சொந்த வேலைக்குப் போகணும். ஒரு முழு ஆய்வுக்கு உட்கார வைக்கணும்னா ஒரு சனி ஞாயிறு போயிடும். பத்துக்கு ஒண்ணுங்கிறது காகிதத்துல நல்லா இருக்கும். மயிரிழையில தப்பிச்சதை மட்டும் எடுத்தாலே பெரிய விஷயம்.

வேலிக்கருவை:
பெயர் சொல்லிக் குத்தம் கண்டுபிடிக்கலாமா கூடாதா? கறுப்புச் சனி கமிஷன் உயர் அதிகாரிகளைப் பெயர் சொல்லியே விமர்சிச்சதே.

யாராக்கரை:
சொன்னது சரி எண்டுதான் நான் நினைக்கிறன். மேல் கதிரையிலை இருக்கிறவைக்குச் சம்பளம் குடுக்கிறது பொறுப்பெடுக்கத்தான். கீழை இருக்கிறவையின்ரை பெயரைத்தான் மறைக்கோணும்.

கரும்புகை:
வெளி விசாரணையில சரி. உள் ஆய்வுல பெயர் வந்தா அன்னையோட முடிஞ்சது. அடுத்த தடவை எல்லாரும் "நடைமுறைப்படி செஞ்சோம்"னு ஒரே வரியில முடிச்சுக்குவாங்க. அதுக்கு மேல வழக்கு பயம். கில்மோர் ஈஸ்ட் தீக்கு 2014ல 49 கோடி டாலருக்கு மேல இழப்பீட்டுச் சமரசம் ஆச்சு. அவ்வளவு பணம் தொங்கிக்கிட்டு இருக்கும்போது உள் ஆய்வுத் தாள் ஒவ்வொண்ணையும் நீதிமன்றம் கேட்டு வாங்கலாம்னு வக்கீல்களுக்குத் தெரியும். "எழுதாதே"ங்கிறதுதான் முதல் அறிவுரையா வரும். ஆய்வும் வழக்கும் ஒரே நேரத்துல ஓடினா ஆய்வுதான் சாகும். கொரோனர் விசாரணையும் சீக்கிரம் முடியுற காரியம் இல்ல. 2019-20 தீக்கான நியூ சவுத் வேல்ஸ் கொரோனர் முடிவுகள் 2024லதான் வந்துச்சு. அதுக்குள்ள நாலு தீக்காலம் போயிடுச்சு. உள் ஆய்வு அதுக்காகக் காத்திருக்கவே கூடாது.

பதவியை எழுதுங்க, பெயரை விடுங்க. "வடக்குப் பிரிவுத் தளபதி"ன்னு போட்டாலே சம்பந்தப்பட்டவங்களுக்குத் தெரியும், பத்து வருஷம் கழிச்சுப் படிக்கிறவனுக்கும் பாடம் புரியும்.

காத்துமாறி:
பரிந்துரை நிறைவேறுற கட்டத்துக்கு யாரும் வரலையே. லிண்டன் தீயைச் சொல்லணும். 1998 டிசம்பர் 2, விக்டோரியா. தண்ணி நிரப்பப் போய்க்கிட்டு இருந்த டேங்கர், தீயோட பக்கவாட்டுல, எரியாத காட்டுக்குள்ள. காத்து மாறிச்சு, பக்கவாட்டு முழுக்கத் தீமுகமா திரும்பிச்சு, அஞ்சு தன்னார்வலர்களும் போயிட்டாங்க. கொரோனர் அறிக்கை 2002ல வந்துச்சு. அதோட விளைவுகள்ல ரெண்டு இன்னிக்கும் வண்டியில கண்ணால பார்க்கலாம். குறைஞ்சபட்சப் பயிற்சி முடிக்காத ஆள் தீக்களத்துக்கு வரக் கூடாது. டேங்கர் தண்ணியை முழுசாக் காலி பண்ணக் கூடாது, குழுவோட உயிர்காக்க ஒரு பங்கு எப்பவும் மிச்சம் இருக்கணும். ஏற்கனவே எரிஞ்சு முடிஞ்ச கரிநிலத்துக்குள்ள நுழையுற வழி எதுன்னு தெரிஞ்சுக்கிட்டே வேலை செய்யுற பழக்கமும் இதுக்கப்புறம் இறுகிச்சு.

இந்த மாற்றம் ஏன் நிலைச்சுச்சு? செய்ய வேண்டியது ஒரு ஓட்டுநர் கையால செய்யக்கூடிய விஷயம், செஞ்சானா இல்லையான்னு அளவுக்குழாயைப் பார்த்தாலே தெரியும்.

கணக்கப்பிள்ளை:
அளக்க முடிஞ்சாலே நல்ல பரிந்துரைன்னு நினைச்சுடாதீங்க. இதுக்கு எதிர் உதாரணமும் அதே விக்டோரியாதான். 2009 கமிஷனோட 56ஆவது பரிந்துரை, காய்ஞ்ச சருகும் புதரும் குறையுறதுக்காக வருஷத்துக்குப் பொது நிலத்துல குறைஞ்சது 5 சதவீதம் திட்டமிட்டு எரிக்கணும்னு சொல்லிச்சு. சுமார் 77 லட்சம் ஹெக்டேர்ல 5 சதவீதம்னா 3,85,000 ஹெக்டேர். துல்லியமா அளக்கலாம். என்ன ஆச்சு? ஊருக்குப் பக்கத்துல இருக்கிற காட்டை எரிக்கிறது கஷ்டம். சின்னச் சின்னத் துண்டு, புகைப் புகார், திராட்சைத் தோட்டம், நல்ல காத்து கிடைக்கிற நாள் குறைவு. யாரும் இல்லாத தூரத்துப் புதர்க்காட்டை எரிச்சா ஒரே தீயில ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கணக்குல ஏறும். எண்ணிக்கை ஓடுற பக்கம் வேலையும் சாயும். கடைசியில 2015ல இன்ஸ்பெக்டர் ஜெனரல் மறு ஆய்வு செஞ்சு, பரப்புக் கணக்கை விட்டுட்டு "இந்த எரிப்பால வீடுகளுக்கான ஆபத்து எவ்வளவு குறைஞ்சுது"ங்கிற அளவுக்கு மாறச் சொன்னார், அரசும் மாத்திச்சு.

அதனால பரிந்துரையை எழுதும்போதே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: இதைச் சுலபமா நிறைவேத்த ஒருத்தன் என்ன குறுக்கு வழி எடுப்பான்? அந்தக் குறுக்கு வழியில போனாலும் ஊர் பாதுகாப்பா இருக்கும்னா பரிந்துரை சரி.

பதிவேட்டுல வைக்க வேண்டியது: பரிந்துரை எண், பொறுப்பாளர் பதவி, கெடு, செலவு, முடிஞ்சதுக்கான ஆதாரம். கடைசிப் பத்திதான் ஏமாத்துற இடம். "புது வழிகாட்டி வெளியிடப்பட்டது"ன்னு போட்டு மூடிடுவாங்க. வழிகாட்டி வெளியானது ஆதாரம் ஆகாது. ஒரு ஒத்திகையில, முன்னறிவிப்பு இல்லாம, அந்தக் குழு அதைச் செஞ்சதைப் பார்த்ததுதான் ஆதாரம். 2010ல கமிஷன் பரிந்துரைகளைக் கண்காணிக்க விக்டோரியா நீல் காம்ரியைத் தனியா நியமிச்சது இதுக்குத்தான். துறையே தன் பரிந்துரையை மூடினா சீக்கிரம் மூடிடும்.

வேலிக்கருவை:
கடைசியா ஒண்ணு. பெரிய துறையை விடுங்க, முப்பது பேர் இருக்கிற ஒரு கிராமத்துப் படைக்கு இதுல எது சாத்தியம்?

கரும்புகை:
வண்டியில ஒரு அட்டை, அதுல அந்த நாலு கேள்வி. ஷிஃப்ட் முடிஞ்சதும் கை கழுவுறதுக்கு முன்னாடி பேசி முடிக்கணும். எழுதுறவர் ஓட்டுநரா இருக்கக் கூடாது, அவருக்குத் தூக்கம்தான் முதல் வேலை.

யாராக்கரை:
பக்கத்து ஊர்ப் படையோடை மாறி மாறிச் செய்யலாம். அவையின்ரை ஆள் உங்கட கூட்டத்தை நடத்தட்டும், உங்கட ஆள் அவையின்ரைதை.

கணக்கப்பிள்ளை:
செலவே இல்லாத ஒண்ணு. கிளம்பும்போது ஒவ்வொருத்தரும் தன் போன்ல வண்டியோட ஜிபிஎஸ் திரையை ஒரு படம் எடுத்துக்கணும், நேரமும் இடமும் தெரியுற மாதிரி. ரெண்டு மாசம் கழிச்சு அந்தப் போன் கடிகாரம் எத்தனை நிமிஷம் தப்பு, எந்த மாநில நேரத்துல ஓடிச்சுன்னு அந்த ஒரு படத்துல தெரிஞ்சிடும். மத்த எல்லாப் படத்தோட நேரத்தையும் அதை வச்சுத் திருத்திக்கலாம். வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லாதீங்க, அதுல படத்தோட நேரமும் இடமும் கழண்டு போயிடும். போன்ல இருந்து கேபிள் போட்டு நேரா எடுங்க.